பேட்டரி மேல் பழி போடும் முன்...

காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ சத்தம் மட்டும்தான். உடனே ‘பேட்டரி போச்சு’ என்று முடிவுகட்டி, ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புதுசு மாட்டுகிறோம். நான்காம் நாளே மறுபடியும் ‘டிக் டிக்’ கேட்டால்? அதற்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். இரவு முழுக்க நின்ற காரில், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பேட்டரி முனைகளில் அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். அடுத்து, ஸ்டார்ட் செய்து ஹெட்லைட்டையும் போட்டு அளந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் நலம். 12-லேயே நின்றாலோ, இறங்கிக்கொண்டே போனாலோ சார்ஜ் ஏறவில்லை. அதற்காக உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்றச் சொல்லாதீர்கள். பெல்ட் தளர்ந்திருக்கலாம், டெர்மினலில் உப்பு பூத்திருக்கலாம். இவை சின்னச் செலவு.

எல்லா அளவும் சரி, ஆனாலும் இரவில் சார்ஜ் இறங்குகிறதா? டிக்கி விளக்கு அணைகிறதா, டேஷ்கேம் ஓடிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓடும்போது டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தால், பெரும்பாலும் சார்ஜிங் நின்றுவிட்டது என்று அர்த்தம். ஏசி, மியூசிக்கை அணைத்துவிட்டு பக்கத்து ஒர்க் ஷாப்புக்குப் போய்விடுங்கள்.

இன்ஜின் ஓடும்போது டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழைய வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம். வோல்டேஜ் எகிறி, இசியூவே காலியாகிவிடலாம்!