நரம்பைக் காட்டும் ஒளி

'குழந்தைக்கு நரம்பு கிடைக்கவில்லை' என்கிறோம். செவிலியர் தேடுவது உண்மையில் சிரையை. 2021இல் கொசஸ்தலையாற்று வெள்ளம் சடையங்குப்பத்தைச் சூழ்ந்ததை நாம் அறிவோம். வெள்ளம் வடிந்தால் வயிற்றுப்போக்கு பரவும் அபாயம் எங்கும் உண்டு. நீரிழந்த குழந்தையின் சிரை சுருங்கி மறைந்துவிடுகிறது. ஊசியோ அப்போதுதான் அவசரமாகிறது.

சிரையிலுள்ள ஹீமோகுளோபின் அகச்சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்ளும். அந்த நிழலைத் தோலின்மீதே வரைந்துகாட்டும் கருவிகள் இன்று உள்ளன. வலியில்லை, கதிரியக்கமில்லை. வாங்கிவைத்தால் போதுமா? கனடாவில் 418 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், முதல் குத்திலேயே சிரையை எட்டும் விகிதம் இக்கருவியால் உயரவில்லை. சிரை எங்கே என்று ஒளி காட்டும். எந்த ஆழத்தில், எந்தச் சாய்வில் என்பதைப் பழகிய விரலே அறியும்.

கருவி வேண்டாம் என்பதல்ல நம் வாதம். சிரை புலப்படாத குழந்தைகளுக்கு அது துணையாகலாம். ஆனால் வடசென்னை மருத்துவமனைகளுக்காக நாம் முதலில் கேட்கவேண்டியவை வேறு: குழந்தைகளிடம் பழகிய கை இரவுப் பணியிலும் இருக்கவேண்டும், இருமுறை தவறினால் ஊசி அனுபவமுள்ளவரிடம் போகவேண்டும். உப்பு, சர்க்கரைக் கரைசல் உரிய நேரத்தில் வீட்டிலேயே கிடைத்தால், பல குழந்தைகளுக்கு அந்த ஊசியே தேவைப்படாது.