கறளுக்குக் கடலைக் குற்றஞ்சாட்டாதீர்

தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தின் ஓகஸ்ட் திருவிழாவுக்குச் செல்வோர், ஆலய வளவின் மரநிழலிலோ அயலிலுள்ள விடுதிகளிலோ தங்குவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அக்கரையோர விடுதியொன்றில் நானும் தங்கினேன். குளித்துவிட்டு எடுத்த வெள்ளைத் துவாயில் செம்பழுப்புக் கோடொன்று படிந்திருந்தது. துவாய் தொங்கிய தண்டில் கறள். தமிழகத்தார் துரு என்பர்.

முறையிட்டேன். "கடற்காற்று ஐயா, என்ன செய்வது?" என்றார் முகாமையாளர். சொன்னவர், துப்புரவுப் பெண்ணை அழைத்து என் கண்முன்னேயே கடிந்துகொண்டார். ஏன் முறையிட்டோம் என்றாகிவிட்டது எனக்கு.

கடல் குற்றவாளி, துப்புரவுப் பெண் உடந்தை, தண்டை வாங்கியவர் மட்டும் நிரபராதி! இத்தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்கே இந்து சமுத்திரம், கிழக்கே புத்தளம் களப்பு. காற்றில் உப்பு இருக்கவே செய்யும். ஆனால், அது நேற்று வந்த உப்பன்று. அதை அறிந்தே விடுதி கட்டியவர்கள், சாதாரண இரும்பின்மேல் மெல்லிய குரோமியம் பூசிய மலிவுத் தண்டை ஏன் வாங்கினார்கள்? பூச்சிலுள்ள நுண்துளைகளின் வழியே உப்பீரம் புகுந்தால் உள்ளிருக்கும் இரும்பு கறள் பிடிக்கும். பித்தளைமேல் பூசியதில் செங்கறள் வராது. மொலிப்டினம் கலந்த 316 தர உருக்கு, வழக்கமான 304 தரத்தைவிட உப்பைத் தாங்கும். கடைக்கு ஒரு காந்தத்தைக் கொண்டுசெல்லுங்கள். பூச்சுத் தண்டில் அது ஒட்டினால் உள்ளே இரும்பு.

கடலே காரணமென்றால், இலண்டன் வீட்டுக் குளியலறையில் வெந்நீரோடும் துவாய்த் தண்டும் வெப்பமூட்டியும் கறள் பிடிப்பது எதனால்? பூச்சு உரிந்த இடத்தில் நீராவியும் ஈரத் துவாயும் போதும்.

அடுத்தது, துப்புரவு என்ற பெயரில் நடக்கும் கொடுமை. கழிப்பறை அமிலத்தை ஊற்றித் தேய்த்தால் கறளோடு குரோமியமும் கரையும். வெளிற்றும் திரவமோ உருக்கின் காப்புப் படலத்தையே அரிக்கும். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு எழும். 1915இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் படையினரைக் கொன்ற அதே வாயு. காற்றோட்டமில்லாத குளியலறையில் கையுறைகூட இன்றி அதைச் சுவாசிப்பவர் யார்? ஏச்சு வாங்கிய அதே பெண்தான்.

முறையான வழி எளியது. தண்டை நன்னீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவுங்கள். கசக்கிய அலுமினியத் தாளை வினாகிரியில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் மேற்கறள் போகும். கிணற்றுநீரின் வெண்ணிறச் சுண்ணக் கறைக்கு வினாகிரித் துணியைச் சில நிமிடம் சுற்றிவைத்தால் போதும். பின்னர் கழுவி, ஈரமறத் துடைத்து, மெல்லியதாக மெழுகு பூசுங்கள். இரும்புக் கம்பிநாரைத் தொடவேண்டாம்; அதன் துகள்களே புதுக் கறளாகும். பூச்சு உரிந்துவிட்டால் மருந்தில்லை, மாற்றத்தான் வேண்டும்.

நல்ல தண்டுக்கு விலை அதிகம் என்பார்கள். உண்மைதான். ஆனால், மலிவுத் தண்டை அடிக்கடி மாற்றும் செலவும், கறைபட்டு வீசும் துவாய்களும் கணக்கில் வராதா? கணக்கில் வராதவை இன்னும் இரண்டு உண்டு: அப்பெண்ணின் நுரையீரல், அவளது மானம். அடுத்த திருவிழாவுக்கு முன்னர் விடுதிக்காரர்கள் தண்டை மாற்றட்டும். அதுவரை அவளை ஏசாதிருக்கட்டும்.