பிள்ளைப்பேறும் விசாக் கெடுவும்

மரக்காணம் உப்பளத்துக்காரர்களுக்குக் கெடு என்றால் என்ன என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தை பிறந்ததும் பாத்திகளைச் செப்பனிடுவார்கள். கோடை முழுவதும் வெயிலில் வெந்து உப்பு வாருவார்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் அத்துடன் அந்த ஆண்டின் கணக்கு முடிந்தது. அதற்குள் வாரியதுதான் உப்பு, வாராதது தண்ணீர். மழை யாருக்காகவும் ஒருநாள் பொறுத்திருப்பதில்லை.

இதே கரையோரத்துக்கு இப்போது இன்னொரு வகைக் கெடுவும் வந்து சேர்ந்திருக்கிறது. அது வானத்திலிருந்து வருவதல்ல. பாஸ்போர்ட்டில் ஒட்டிய தாளில் அச்சாகி வருவது. துபாய்க்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போனவர்கள், புதுச்சேரி உறவால் பிரான்சுக்குப் போனவர்கள், என்ஜினீயரிங் படித்து அமெரிக்கா போனவர்கள் என்று தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் பலருக்கும் விசாவில் உள்ள தேதி இன்று மனப்பாடம்.

கருவுக்கும் ஒரு கெடு உண்டு. 280 நாள். அது எந்தத் தூதரகத்தையும் கேட்டு வைத்த கெடு அல்ல. இந்த இரண்டு கெடுவும் ஒன்றோடொன்று மோதினால் என்ன ஆகும்? கர்ப்பத்தில் கோளாறும் சேர்ந்துகொண்டால் யார் பேச்சைக் கேட்பது, டாக்டர் பேச்சையா, விசா அதிகாரி பேச்சையா?

பிப்ரவரி 19

இந்த மோதலை உலகமே பார்க்கும்படி செய்தது அமெரிக்கா. 2025 ஜனவரி 20-ந் தேதி டொனால்டு டிரம்ப் இரண்டாம் முறையாக ஜனாதிபதி பதவி ஏற்றார். அன்றே ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். தாய் தற்காலிக விசாவில் இருக்கிறாள், தந்தை அமெரிக்கக் குடிமகனும் அல்ல, நிரந்தரவாசியும் அல்ல என்றால் அவர்களுக்கு அங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது என்பது அதன் சாரம். 30 நாள் கழித்து, அதாவது பிப்ரவரி 19-ந் தேதியிலிருந்து அமல் என்று கெடு வைத்தார்.

உடனே என்ன நடந்தது? எட்டாம் மாதத்திலும் ஒன்பதாம் மாதத்திலும் இருந்த இந்தியப் பெண்கள் சிலர், கணவன்மாரோடு டாக்டர்களைத் தேடிப் போனார்கள். ‘19-ந் தேதிக்கு முன் சிசேரியன் செய்து குழந்தையை எடுத்துவிடுங்கள்’ என்று கேட்டார்கள். இதை அங்குள்ள டாக்டர்களே பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள். குறைமாதத்தில் எடுத்தால் குழந்தையின் மூச்சுக்கே மோசம் வரும் என்று புத்தி சொல்லி அனுப்பியதாகவும் சொன்னார்கள்.

அந்தத் தம்பதிகளைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர்கள் நிலையையும் பார்க்க வேண்டும். எந்த ஒரு நாட்டாருக்கும் ஆண்டுக்கு 7 சதவிகிதத்துக்கு மேல் நிரந்தரவாசி அட்டை தருவதில்லை என்பது அமெரிக்கச் சட்டம். இந்தியர்களின் வரிசையோ அனுமார் வால். அந்த வரிசையிலேயே தலை நரைக்கும்போது, குழந்தையாவது நிலையாக இருக்கட்டும் என்று தாயும் தகப்பனும் நினைப்பதில் வியப்பில்லை.

ஆனால் கெடு என்ன ஆயிற்று? உத்தரவு பிறந்த மூன்றாம் நாளே, ஜனவரி 23-ந் தேதி, சியாட்டில் நகரத்து மத்திய நீதிபதி அதைத் தடுத்து நிறுத்தினார். அரசியல் சட்டத்துக்கு அப்பட்டமாக விரோதமானது என்று கண்டித்தார். காரணம் உண்டு. அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கக் குடிமகன் என்று 1868-ம் ஆண்டிலேயே 14-வது திருத்தத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் என்ற சமையற்காரர், அந்த உரிமைக்காக வழக்காடி, 1898-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தும் இருக்கிறார்.

பிப்ரவரி 19-ந் தேதி வந்தது, சந்தடியில்லாமல் போயிற்று. உத்தரவு அன்று அமலுக்கு வரவில்லை. பிறகு ஜூன் 27-ந் தேதி, நாடு முழுவதற்கும் பொதுத்தடை போடக் கீழ்க் கோர்ட்டுகளுக்கு அதிகாரம் இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஜூலை 10-ந் தேதி நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி, குழந்தைகள் அனைவரையும் ஒரு வகுப்பாகச் சேர்த்து மறுபடி தடை போட்டார். வக்கீல்கள் வாதாடலாம், நீதிபதிகள் தடை போடலாம், எடுக்கலாம். அவசரப்பட்டு வெளியே எடுத்த பிள்ளையைத் திரும்ப வயிற்றில் வைக்க எந்தக் கோர்ட்டாலும் ஆகாது.

37 வாரம் நிறையாமல் பிறப்பது குறைப்பிரசவம். நோய் எதுவும் இல்லாதபோது 39 வாரத்துக்கு முன் சிசேரியன் செய்யக் கூடாது என்பது இன்றைய வைத்திய நெறி. கடைசிச் சில வாரங்களில்தான் நுரையீரல் பக்குவப்படுகிறது. மூளையும் வேகமாக வளர்கிறது. அந்த இரண்டு வாரத்தை ஏதோ காத்திருக்கும் நேரம் என்று எண்ணுவது தவறு.

தாய்வீடும் 180 நாளும்

அமெரிக்கா தொலைவில் இருக்கட்டும். நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு நெருக்கமான கணக்கு வளைகுடாக் கணக்குதான்.

கணவன் துபாயில். மனைவியும் அங்கே குடியிருப்பு விசாவில். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு ஊருக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அமீரகத்தைவிட்டு 180 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாகக் குடியிருப்பு விசா செல்லாமல் போய்விடும். குவைத்திலும் ஆறு மாதம்தான். சவூதியில் வெளியேறித் திரும்பும் அனுமதியில் குறித்த தேதிதான் கணக்கு.

28-வது வாரம் விமானம் ஏறினால் பிரசவத்துக்கு 12 வாரம், அதாவது 84 நாள் போய்விடும். மிச்சம் 96 நாள். அதற்குள் பிறப்புச் சான்று, குழந்தைக்குப் பாஸ்போர்ட், குழந்தைக்கு விசா, எல்லாம் ஆக வேண்டும். தாயும் சேயும் சுகமாக இருந்தால் கஷ்டமில்லை. சிசேரியன் புண் ஆறாவிட்டாலோ, குழந்தை கண்ணாடிப் பெட்டியில் வாரக்கணக்கில் கிடந்தாலோ 96 நாள் பறந்துவிடும்.

இதற்கு அமீரகத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 180 நாள் தாண்டியவர்கள், தாண்டியதற்குக் காரணமும் அத்தாட்சியும் காட்டி, அபராதம் செலுத்தி, மீண்டும் நுழைய அனுமதி கேட்கலாம். 2023 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வைத்தியக் காரணம் அதில் ஒன்று. ஆகவே ஆஸ்பத்திரிச் சீட்டுகளை மாவு டின்னுக்கு அடியில் போட்டு மறந்துவிடாமல், தேதிவாரியாகப் பத்திரப்படுத்த வேண்டும்.

விமானக் கம்பெனிகளுக்கும் ஒரு கெடு உண்டு. பெரும்பாலானவை 28 வாரத்துக்கு மேல் டாக்டர் சான்று கேட்கின்றன. 36 வாரத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. இரட்டைப் பிள்ளை என்றால் 32 வாரத்தோடு சரி. விசா முடிய நாள் இருக்கிறதே என்று டிக்கெட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் இந்த மூன்றாவது கெடுவை மறந்துவிடுகிறார்கள்.

2020-ல் கொரோனாவால் மார்ச் மாதம் விமானங்கள் நின்றபோது வளைகுடாவில் அகப்பட்ட கர்ப்பிணிகள் பட்ட பாடு நினைவிருக்கும். சுப்ரீம் கோர்ட்டு வரை மனுப் போக வேண்டியிருந்தது. மே 7-ந் தேதி ‘வந்தே பாரத்’ விமானங்கள் புறப்பட்டபோது கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள்.

ஆபத்து எது?

விசாத் தேதியை எண்ணிக்கொண்டிருக்கும் பெண் வேறு சிலவற்றையும் எண்ண வேண்டும். 20 வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் போனால் கவனம் தேவை. ஓயாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல், இவை வலிப்புக்கு முன்னறிவிப்புகள். இந்த நிலையில் விமானம் ஏறுவது தற்கொலைக்கு ஒப்பு. நடுவானில் வலிப்பு வந்தால் ஆஸ்பத்திரிக்கு எங்கே போவது?

இந்த வலிப்புக்கு உலகம் முழுவதும் போடும் மருந்து மக்னீசியம் சல்பேட். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். நம் பாட்டன்மார் அறிந்த பேதி உப்பு அதுவேதான்; ஆனால் ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்ததை அளந்து ஊசி வழியாகச் செலுத்துகிறார்கள். மரக்காணத்துப் பாத்திகளில் சமையல் உப்பு விளைந்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் இருப்பதும் மக்னீசிய உப்புகளே! 33 நாடுகளில் சுமார் 10,000 கர்ப்பிணிகளிடம் சோதித்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். வலிப்பு வரும் அபாயம் பாதிக்கும் மேல் குறைந்தது.

கால் வீங்கினால் உப்பை அடியோடு நிறுத்து என்று சொல்லும் மாமியார்கள் உண்டு. வலிப்பு வராமல் தடுக்க உப்பைக் குறைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை. அழுத்தத்தை அளந்து பார்ப்பதும், சிறுநீரைச் சோதிப்பதும், நேரத்தில் புதுச்சேரி ஜிப்மருக்கோ முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்கோ போய்ச் சேருவதும்தான் காப்பு.

விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையிலும் கர்ப்பிணிக்குச் சலுகை உண்டு. அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கு மார்பு எக்ஸ்ரே வேண்டும். வயிற்றுக்கு ஈயக் கவசம் போட்டு எடுக்கலாம். மனம் ஒப்பாவிட்டால் பிரசவம் ஆகும்வரை தள்ளி வைக்கக் கேட்கலாம். தட்டம்மைத் தடுப்பூசி போன்ற உயிருள்ள கிருமி ஊசிகளைக் கர்ப்பத்தில் போடுவதில்லை. அதற்கு விலக்குத் தருகிறார்கள்.

பலரைப் பயமுறுத்தும் கேள்வி ஒன்று உண்டு: குடியேற்ற விசா கையில் வந்துவிட்டது, அதற்கு ஆயுள் அதிகம் போனால் ஆறு மாதம், அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டால் பிள்ளைக்கு விசா? வேண்டியதில்லை என்பதே அமெரிக்க விதி. பெற்றோருக்கு விசா தந்த பிறகு பிறந்த குழந்தை, அந்த விசா செல்லும் காலத்துக்குள் பெற்றோருடனேயே போய் இறங்கினால் தனி விசா இல்லாமல் ஏற்பார்கள். பாஸ்போர்ட்டும் பிறப்புச் சான்றும் இருக்க வேண்டும். நோயினால் ஆறு மாதத்துக்குள் போகவே முடியவில்லை என்றால், தம் சக்திக்கு மீறிய காரணம் என்று காட்டி மாற்று விசா கேட்கவும் வழி உண்டு. இந்த விதிகள் தெரியாமல் ஏழாம் மாதத்தில் இரத்த அழுத்தத்தோடு விமானம் ஏறத் துணிகிறவர்களை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது.

கீழ்ப்புத்துப்பட்டு

இவ்வளவும் நம்மவர் வெளியே போகும் கதை. வெளியிலிருந்து இங்கே வந்தவர்கள்?

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு இருக்கிறது. அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். 1983 கலவரத்துக்குப் பிறகு அலை அலையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர்களுக்கு அமைத்த முகாம்களில் ஒன்று அது. இவர்களில் படகேறி வந்த பெண்களிடம் விசாவே கிடையாது. ஆகவே கெடுவும் கிடையாது என்று நினைத்தால் தவறு. நம் குடியுரிமைச் சட்டத்தைப் பாருங்கள். 1987 ஜூலை 1-ந் தேதிக்கு முன் இங்கே பிறந்தவர், அநேகமாகப் பிறப்பாலேயே இந்தியர். அன்று முதல், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-ந் தேதியிலிருந்து, ஒருவர் இந்தியர் என்பது மட்டும் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது.

சட்டவிரோதக் குடியேறி யார்? தாளில்லாமல் வந்தவர் மட்டும் அல்ல. முறையாக வந்து, விசாத் தேதி தாண்டித் தங்கியவரும் அவரே. இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். உள்ளூர்த் தமிழனை மணந்த வெளிநாட்டுப் பெண் கர்ப்பக் கோளாறால் படுத்த படுக்கையாகி, விசாவை நீட்டிக்க மறந்துவிட்டாள். அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. தகப்பன் இந்தியன், பிறந்தது இந்திய மண், ஆனாலும் பிள்ளையின் குடியுரிமைக்கு வில்லங்கம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே கணினி மூலம் நீட்டிப்புக்கு மனுச் செய்ய 2018 முதல் வசதி இருக்கிறது. ஆரோவில்லும் புதுச்சேரியும் பக்கத்தில் இருக்கும் இந்தக் கரையில் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

முகாம் பெண்களுக்கு அந்த வசதியும் பயனில்லை. நீட்டிக்க விசா இருந்தால்தானே! 2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார் ஒரு விலக்கு அளித்தது. 2015 ஜனவரி 9-ந் தேதி வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, தாள் இல்லாத குற்றத்துக்குத் தண்டனை இல்லை என்றது. அது தண்டனையிலிருந்து விலக்கு; குடியுரிமை அல்ல. அங்கே பிறக்கும் பிள்ளைக்கு அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பார்கள், தடுப்பூசி போடுவார்கள், பிறப்புச் சான்றும் கொடுப்பார்கள். சான்றில் ஊர் இருக்கும், மாவட்டம் இருக்கும். நாடு இராது.

அந்தப் பிறப்புச் சான்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் கர்ப்பிணிக்குத் தரும் பதிவு எண்ணையும் அதற்குக் கேட்கிறார்கள். ஆகவே ஏழாம் மாதம் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் பெண், முதலில் ஊர்ச் சுகாதார நர்ஸிடம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். 2023 அக்டோபர் 1-ந் தேதி முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கு வேறு எந்த அத்தாட்சியும் செல்லாது. இந்தச் சான்று ஒன்றுதான். குழந்தையின் பெயர் இல்லாமலே பதிவு செய்துவிடலாம். பெயரைப் பிறகு சேர்க்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. ஆனால் பெயரில்லாத குழந்தைக்குப் பாஸ்போர்ட் இல்லை. நல்ல நாள் பார்த்துத்தான் பெயர் வைப்போம் என்று மூன்றாம் மாதம் வரை காத்திருக்கும் தாத்தா பாட்டிமார், மிச்சமுள்ள 96 நாளில் பாதியைப் பஞ்சாங்கத்துக்கே கொடுத்துவிடுகிறார்கள்.