ஜீவனாம்சம் காகிதத்தில் மட்டும்தானா?

புருஷன் விட்டுப் போய்விட்டான். கையில் இரண்டு குழந்தைகள். நடவு இருந்தால் சோறு, இல்லாவிட்டால் பட்டினி. இந்தப் பெண் ஜீவனாம்சம் கேட்டுக் கோர்ட்டுப் படி ஏறுகிறாள். வாய்தா. மறுபடியும் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. பஸ் காசும் போகிறது.

சட்டம் இல்லையா? வெள்ளைக்காரன் 1898-ல் போட்ட சட்டத்திலேயே இருந்தது. 1973-ம் வருஷச் சட்டத்தில் 125-வது பிரிவு; 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144-வது பிரிவு. எண்தான் மாறிக்கொண்டிருக்கிறது! மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது என்ற வரம்பை மத்திய சர்க்கார் எடுக்கவே 2001 ஆயிற்று. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் 'கூடுமானவரை' முடிக்க வேண்டுமாம். அந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனை வாய்தாக்கள் ஒளிந்துகொள்கின்றன!

இதைவிடப் பெரிய தொல்லை, புருஷனின் வருமானத்தை ருசுப்பிப்பது. இரு தரப்பும் வருமானத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் தர வேண்டும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. வரவேற்கிறோம். ஆனால் காண்ட்ராக்டரிடம் ரொக்கமாகக் கூலி வாங்குகிறவனின் வருமானம் எந்தக் காகிதத்தில் இருக்கிறது? சம்பளச் சீட்டுக் கொடுக்காத முதலாளி, தொழிலாளியை மட்டும் ஏய்க்கவில்லை. அவன் பிள்ளைகளின் கஞ்சிக் கலயத்திலும் கை வைக்கிறான். சம்பளச் சீட்டுக் கேட்டுச் சங்கம் போராடுவது இந்தப் பெண்களுக்காகவும்தான்.

நம்மவர்களிடமும் ஒரு கேள்வி. சங்கக் கூட்டத்தில் உரிமை முழங்கிவிட்டு, கோர்ட்டில் "எனக்கு வேலையே இல்லைங்க" என்று கை கட்டி நிற்கும் தோழர்கள் இல்லையா? உண்மையிலேயே வேலை போய் நிற்பவனின் கஷ்டம் வேறு. அதை நாம் அறிவோம். கூலியை ஒளிப்பவனுக்குச் சங்கம் பரிந்து பேசக் கூடாது. உடம்பில் தெம்புள்ளவன் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காக்க வேண்டும் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

சகோதரிகளே! 1987-ம் வருஷச் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு வக்கீல் இலவசம். மாவட்டக் கோர்ட்டில் உள்ள சட்ட உதவி அலுவலகத்தில் கேளுங்கள்; துணைக்குச் சங்கத்திலிருந்து ஒருவர் வரட்டும். உத்தரவான பணம் வராவிட்டால், தர வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வசூல் வாரண்டுக்கு மனுப் போட வேண்டும். ஆகவே எந்த மாதம் வந்தது, எந்த மாதம் வரவில்லை என்று இன்றே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.