லிடிட்சே சொல்லும் பாடம்

செக் நாட்டின் தலைநகர் பிராக்கிற்கு வடமேற்கே சுமார் 20 கிலோமீற்றர் தூரத்தில், ஓடையோரமாக அமைந்த சிற்றூர் லிடிட்சே. நாசி அதிகாரி ஹைட்ரிக் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, 1942 யூன் 9 இரவு ஜேர்மன் படையினர் அவ்வூரைச் சூழ்ந்தனர். மறுநாள் 173 ஆண்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். பங்குத்தந்தையும் அவர்களுள் ஒருவர். பெண்கள் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். 82 பிள்ளைகள் நச்சுவாயுவுக்குப் பலியாயினர். வீடுகள் எரிக்கப்பட்டன, தேவாலயம் தகர்க்கப்பட்டது, சேமக்காலைகூடத் தோண்டப்பட்டது, ஓடையும் திசைமாற்றப்பட்டது. அப்படியோர் ஊர் இருந்ததென்ற அடையாளமே இருக்கக்கூடாது என்பதே நோக்கம்.

ஆனால், போர் முடிந்தபின் 143 பெண்களும் 17 பிள்ளைகளும் திரும்பினர். பழைய நிலம் நினைவிடமாக விடப்பட்டது. அருகிலேயே 1947 இல் புதிய ஊருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 150 வீடுகள் எழுந்தன. பெயர் லிடிட்சே என்றே நிலைத்தது.

மாண்டவர்களைப் புதிய வீடுகள் மீட்டுத் தரா. ஆயினும் ஊரென்பது கூரையும் வேலியும் மாத்திரமல்ல என்றே நாம் கருதுகிறோம். அது மக்களின் நினைவிலும் வாழ்கிறது. எனவே நம் குளம், வாய்க்கால், காணிகளின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம், எழுதியும் வைப்போம்.