ஆரஞ்சுப் பொடிக்கு எதுக்குங்க இவ்வளவு மரியாதை?

மக்களே, சாப்பாட்டு விஷயம்தான், ஆனால் சமையல் குறிப்பு இல்லை. கொஞ்சம் காரமாகவே இருக்கும்.

புனேயில் வாகட், ஹிஞ்சவடிப் பக்கம் இருக்கிற நம்ம தமிழ்க் குடும்பங்களில் ஒரு புது மோகம் கிளம்பியிருக்கிறது. பிறந்தநாளா, மேக் அண்ட் சீஸ். பிள்ளை அடம் பிடிக்கிறதா, மேக் அண்ட் சீஸ். அதுவும் இங்கே கிடைக்கிற மக்ரோனியில் செய்தால் ஆகாது, அட்டைப்பெட்டியில் வந்த அமெரிக்கச் சரக்காக இருக்கணும். எங்கள் ஏரியா சூப்பர் மார்க்கெட்டில் பெட்டி 300 ரூபாய்க்கு மேல். பூஜை சாமான் மாதிரி ஏந்திக்கொண்டு வருகிறார்கள்.

போன மாதம் நியூஜெர்சியிலிருந்து வந்த மச்சினி நாலு பெட்டி கொண்டுவந்தாள். பெரிய கம்பெனிச் சரக்கு இல்லை. அங்கே ஒரு கடை தன் பெயரிலேயே போட்டு விற்கிற மலிவுப் பெட்டி, ஒரு டாலருக்கும் கீழே. "அத்தான், ஆபீஸ்லேருந்து லேட்டா வந்து, வீட்ல வேற எதுவும் இல்லாதப்ப பண்றதுதான் இது" என்று அவளே சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நானே செய்தேன் (மேற்பார்வை தங்கமணி). உள்ளே மக்ரோனியும், ஒரு பொட்டலத்தில் ஆரஞ்சுப் பொடியும். அவ்வளவுதான். ஏழெட்டு நிமிடம் வேகவைத்து, வடித்து, நாலு டேபிள்ஸ்பூன் வெண்ணெயும் கால் கப் பாலும் விட்டுப் பொடியைக் கொட்டிக் கிளறணும். வெண்ணெய் யாருடையது? நம்முடையது. பால்? அதுவும் நம்முடையது. தண்ணீர் கொதிக்கிற நேரத்தையும் சேர்த்தால் 20 நிமிடம். சேமியா உப்புமா அதற்குள் தட்டுக்கு வந்திருக்கும்.

ருசி மோசம் என்று பொய் சொல்ல மாட்டேன். உப்பும் வெண்ணெயும் சேர்ந்தால் எதுதான் நன்றாக இருக்காது? ஆனால் நாலு ஸ்பூனுக்கு மேல் நாக்கில் உப்பு மட்டும்தான் நின்றது. பெட்டியைத் திருப்பிப் படித்தேன். மொத்தம் 3 பங்கு, பங்குக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் சோடியம். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 2000-க்குள் இருக்கணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரெண்டு பசங்க உட்கார்ந்தால் ஒரு பெட்டி காலி. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பெட்டியின் ஜாதகத்தையும் பார்த்துவிடுவோம். கிராஃப்ட் கம்பெனி இதை 1937-ல் அமெரிக்காவில் இறக்கியது. பொருளாதார வீழ்ச்சியில் ஜனங்கள் கஷ்டப்பட்ட காலம். 19 சென்ட் கொடுத்தால் 9 நிமிடத்தில் 4 பேருக்குச் சாப்பாடு என்று விளம்பரம் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஒரு ரேஷன் கூப்பனுக்கு 2 பெட்டி கிடைத்தது. இல்லாதவர்கள் வயிற்றை நிரப்பிய பெட்டி அது. அதை நான் கேலி செய்யவில்லை. அந்தப் பெட்டியை 300 ரூபாய் கொடுத்து வாங்கி அந்தஸ்து என்று மேஜையில் வைக்கிறோமே, கேலி நம்மைத்தான். இன்னொரு தமாஷ்: அந்தக் கம்பெனி 2016-ல் அமெரிக்காவில் செயற்கைச் சாயத்தை எடுத்துவிட்டு, நிறத்துக்குப் போட்டவற்றில் ஒன்று நம்ம மஞ்சள் :-)

"குழந்தை விரும்பிச் சாப்பிடுது சார்" என்பார்கள். சாப்பிடட்டும். ஆனால் அந்த விருப்பம் வெறும் நாக்கிலிருந்து வரவில்லை. என் பெண்ணின் வகுப்பில் ஒரு தமிழ்ப் பையன், டிபன் டப்பாவில் இருந்த தயிர் சாதத்தை மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டானாம். பக்கத்தில் இருந்தவன் டப்பாவில் இந்த ஆரஞ்சு மக்ரோனி. எது ஒசத்தி, எது மட்டம் என்று அந்தப் பையனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? தோசை ஊற்றும்போது சலித்துக்கொண்டு, பெட்டியைப் பிரிக்கும்போது மட்டும் முகம் மலர்கிற நாம்தான்.

"நேரம் இல்லையே" என்பது உண்மையான பிரச்சினை. அம்மாக்கள் மேல் பழி போட நான் வரவில்லை. ரெண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் அதற்குத் தீர்வு, ரங்கமணி அடுப்படிக்கு வருவது. ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி உருகி உருகிப் பேசுகிற அண்ணாச்சிகளே, முதலில் வெங்காயம் நறுக்குங்கள்.

பிள்ளைக்கு மக்ரோனிதான் வேணுமா? தெருமுனைக் கடையில் பாக்கெட் கிடைக்கிறது. வெங்காயம், தக்காளி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டு வதக்கி, கடைசியில் ஒரு சீஸ் கட்டியைத் துருவிப் போடுங்கள். பெட்டி வீட்டில் இருந்தால் இருக்கட்டும், மச்சினி சொன்ன மாதிரி, வேறு எதுவும் இல்லாத ராத்திரிக்கு. அதற்கு மேல் மரியாதை வேண்டாம். தயிர் சாதம் கொண்டுபோகிற பிள்ளை டப்பா மூடியை முழுசாகத் திறந்து வைத்துச் சாப்பிடட்டும்.