எத்தனை பிபிடி, எத்தனை மணி நேரம்?

நன்னீர் மீன் எவ்வளவு உவர்ப்பைத் தாங்கும்? கடலோரக் குளங்களில் மீன் வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் இந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொல்லிப் பழகிவிட்டோம். கோடையில் குளம் வற்ற வற்ற உவர்ப்பு வாரக்கணக்கில் மெல்ல ஏறுகிறது. 2004 ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினக் கரையோரத்தில் நடந்ததுபோலக் கடல்நீர் உள்ளே புகுந்தால், சில நிமிடங்களில் ஏறிவிடுகிறது. இவ்விரண்டு நிலைமைகளுக்கும் ஒரே எண் பொருந்தாது. உவர்ப்பின் அளவோடு அது ஏறும் வேகத்தையும் நீடிக்கும் காலத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் அது ஆலோசனையாகும்.

காரணம் மீனின் உடலில் இருக்கிறது. நன்னீர் மீனின் இரத்தம் ஏறக்குறைய 10 பிபிடி (ஆயிரத்தில் பத்துப் பங்கு உப்பு) உவர்நீருக்கு ஈடானது. சுற்றியுள்ள நீர் அதைவிட நீர்த்திருப்பதால், செவுள் வழியே நீர் இடைவிடாமல் உள்ளே வந்துகொண்டிருக்கும். எனவே மீன் நீரை மிகக் குறைவாகவே குடிக்கிறது. நீர்த்த சிறுநீரை ஏராளமாகக் கழிக்கிறது. இழந்த உப்பைச் செவுளில் உள்ள அயனிச் செல்களால் நீரிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. 35 பிபிடி கடல்நீரில் இந்த ஏற்பாடு முழுவதும் தலைகீழாக வேண்டும். உடலிலிருந்து நீர் வெளியேறுவதால் மீன் கடல்நீரைக் குடித்தாக வேண்டும். குடித்த உப்பைச் செவுள் வழியே வெளியே தள்ளியாக வேண்டும். அதற்கேற்ற செல்கள் செவுளில் உருவாகவும், புரோலாக்டின் தணிந்து கார்டிசால் மேலோங்கவும் அவகாசம் வேண்டும்.

மொசாம்பிக் திலேப்பியா இதற்கு நல்ல சான்று. கடல்நீரிலேயே இனப்பெருக்கம் செய்யக்கூடிய மீன் அது. ஆனாலும் நன்னீரில் வளர்ந்ததை நேரடியாகக் கடல்நீரில் விட்டால் சில மணி நேரத்தில் இறந்துவிடுகிறது. 20 பிபிடி நீரில் ஒரு நாள் வைத்திருந்து மாற்றினால் பிழைக்கிறது. அந்த ஒரு நாளில் செவுள் தயாராகிவிடுகிறது. நாம் செய்யும் உப்புக் குளியல் இதன் மறுபக்கம். கெண்டையின் விரலளவுக் குஞ்சுகளை இருப்பு செய்யுமுன் 2 முதல் 3 சதவீத உப்புக் கரைசலில், அதாவது 20 முதல் 30 பிபிடியில், சிறிது நேரம் விடுகிறோம். குஞ்சு நிலைதடுமாறிச் சாயத் தொடங்கியதும் நல்ல நீருக்கு மாற்றிவிடுகிறோம். மிகச் சிறிய உடல்கொண்ட நன்னீர் ஒட்டுண்ணிகள் பல அதற்குள் நீரிழந்து மடிகின்றன. 12 பிபிடியில் சில நாள்கூடத் தாங்காத மீன், 30 பிபிடியைச் சில நிமிடம் தாங்கிவிடுகிறது.

அப்படியானால் மெல்லப் பழக்கிக் கட்லா, ரோகு போன்ற கெண்டைகளை உவர்நீரிலேயே வளர்த்துவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. திலேப்பியாவின் செவுளைப்போல வேலையைத் திருப்பிப் போடும் திறன் கெண்டையின் செவுளுக்கு இல்லை. வெளிநீர் இரத்தத்தின் உவர்ப்பைத் தாண்டியபின் பழக்குதல் சாவைத் தள்ளிப்போடுமே தவிர, தடுக்காது. அந்த எல்லைக்குள்ளும்கூட, மீன் உயிரோடிருப்பதும் எடை கூடுவதும் ஒன்றல்ல. உப்பைச் சமாளிக்கச் செலவாகும் ஆற்றல் வளர்ச்சியில்தான் குறையும். வளர்ப்பவருக்கு எளிய எண் வேண்டும் என்பது இன்னொரு மறுப்பு. நியாயமான கோரிக்கைதான். ஆனால் நைல் திலேப்பியாவின் உவர்ப்புத் தாங்குதிறன் வயதோடு கூடுகிறது. வளர்ந்த மீனுக்கான எண்ணை நம்பிக் குஞ்சு விட்டவருக்கு அந்த எளிமை நட்டத்தையே தரும். எண்ணைக் கைவிட வேண்டியதில்லை. அதனோடு ஏறிய வேகம், நீடித்த காலம், மீனின் இனம், அளவு ஆகியவற்றையும் சேர்த்தால் போதும்.

ஆகவே களப்பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். குளத்துப் பதிவேட்டில் உவர்ப்பைக் குறிக்கும்போது, முந்தைய அளவிலிருந்து அது எத்தனை மணி நேரத்தில் ஏறியது, எவ்வளவு காலம் நீடித்தது என்பதையும், அப்போது குளத்தில் இருந்த மீனின் இனத்தையும் அளவையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இந்த விவரங்கள் இல்லாமல் எவருக்கும் பிபிடி எண்ணைப் பரிந்துரைக்காதீர்கள்.